சிவப்பு அட்டைக்கு முன் மூன்று கேள்விகள்

(பூந்தமல்லியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் "வரிசையில் நில்" என்பதைத் தவிர வேறென்ன சொல்லப்போகிறார் என்று சிலர் நினைக்கலாம். இன்று நான் பேச வந்திருப்பது வாதம் செய்வதைப் பற்றி. நம் பிள்ளைகள் நம்மைக் கேட்காமலேயே வாரந்தோறும் நடத்துகிற ஒரு பட்டிமன்றம் இருக்கிறது. அதன் தலைப்பு: "அந்த டேக்கிளுக்கு ரெட் கார்டு கொடுத்தது சரியா, தப்பா?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளிகளில் பணியாற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். தொழிற்பேட்டைக்கும் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட பல ஊர்க் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மலையாளம் பேசும் குடும்பங்களும் கணிசம். அதனால் ஐ.எஸ்.எல். பருவத்தில் ஒரே வகுப்பில் சென்னையின் அணிக்கு ஒரு கூட்டம், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு ஒரு கூட்டம். முதல் நாள் இரவு ஆட்டம் நடந்திருந்தால், மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தின் வரிசையிலேயே வாதம் தொடங்கிவிடும். "பாலைத்தான்டா எடுத்தான்!" "காலைப் பாத்துத்தான்டா வந்தான்!" நாம் போய் "சத்தம் போடாதீங்க" என்று அடக்குகிறோம்.

அடக்குவதற்குப் பதிலாக அந்த வாதத்தை ஒரு பாடவேளை முழுக்க நடத்திப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. காரணம் சொல்லப் பழகுவது, சான்றைச் சோதிப்பது, தன் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரே அளவுகோலைப் பிடிப்பது ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்கக்கூடிய இடம் அது.

அட்டையைக் கொண்டுவந்தவர் ஓர் ஆசிரியர்

முதலில் நம் தொழிலுக்குப் பெருமை தரும் ஒரு செய்தி. மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கால்பந்துக்குக் கொண்டுவந்த கென் ஆஸ்டன் ஒரு பள்ளி ஆசிரியர். லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் தலைமையாசிரியராக இருந்தவர். 1962 உலகக் கோப்பையில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த, 'சாந்தியாகோ போர்' என்றே பெயர் பெற்றுவிட்ட, அடிதடி ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். 1966 உலகக் கோப்பையில் நடுவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 23 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் காலிறுதியில் மோதின. நடுவர் ஜெர்மானியர்; அர்ஜென்டினாவின் தலைவர் ரத்தீன் பேசியது ஸ்பானிஷ். வெளியேறச் சொன்னபோது ரத்தீன் நெடுநேரம் மறுத்து நின்றார். இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் எச்சரிக்கப்பட்டார்களா என்பதே ஆட்டம் முடிந்த பிறகும் தெளிவாகவில்லை. மறுநாள் செய்தித்தாள் வழியாகத்தான் தெரியவந்தது.

இதையே யோசித்துக்கொண்டு காரோட்டிப் போன ஆஸ்டன், லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் போக்குவரத்து விளக்குக்காக நின்றார். மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அந்தத் தொடரில் ஒருவர்கூடச் சிவப்பு அட்டை பெறவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டை 1974-இல் சிலியின் கார்லோஸ் காசெலிக்குக் காட்டப்பட்டது.

தண்டனை என்ன என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பொருளில் தெரிய வேண்டும் என்பதுதான் அட்டை பிறந்த காரணம். ஏன் அந்தத் தண்டனை என்ற கேள்விக்கு அட்டையில் பதில் இல்லை. அதை விதிப்புத்தகத்தில் தேட வேண்டும்.

விதி சொல்வது என்ன?

கால்பந்தின் 12ஆம் விதி மூன்று படிகளை வைத்திருக்கிறது. கவனமில்லாமல் மோதினால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு ஆபத்து என்பதைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மீறிய விசையோடு, எதிராளியின் உடலுக்கே ஆபத்து உண்டாகும்படி மோதினால் சிவப்பு. முன்னாலிருந்து வந்தாலும், பக்கவாட்டிலிருந்து வந்தாலும், பின்னாலிருந்து வந்தாலும் இதே அளவுகோல்.

இதில் இரண்டு செய்திகளை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "பந்தைத் தொட்டுவிட்டான், ஆகவே ஃபவுல் இல்லை" என்பது ஒன்று. பந்தைத் தொட்டாரா என்பதை மட்டும் வைத்து விதி முடிவு செய்வதில்லை. பந்தைத் தொட்டுவிட்டு எதிராளியின் கணுக்காலையும் உடைத்தால் சிவப்பு அட்டை உண்டு. "வேண்டுமென்று செய்யவில்லை" என்பது மற்றொன்று. 1995-இல் விதியைத் திருத்தி எழுதியபோது, மோதல் தவறுகளில் 'வேண்டுமென்றே' என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை நடுவரால் பார்க்க முடியாது. கால் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில், எங்கே போய் இறங்கியது என்பதைப் பார்க்க முடியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோல் அடிக்கும் தெளிவான வாய்ப்பைத் தவறான முறையில் தடுத்தாலும் சிவப்பு அட்டை உண்டு. அங்கே கேள்வி ஆபத்தைப் பற்றியது அல்ல. கோல் எவ்வளவு தூரத்தில் இருந்தது, ஆட்டம் எந்தத் திசையில் போனது, பந்து அவர் வசப்பட்டிருக்குமா, வேறு தடுப்பாட்டக்காரர்கள் எங்கே, எத்தனை பேர் இருந்தார்கள் என்ற நான்கையும் நடுவர் பார்க்கிறார். ஒருவன் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறான், இன்னொருவன் கோல் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறான். இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக் கத்துகிறார்கள். நம் ஆசிரியர் அறை விவாதங்கள் சிலவும் இப்படித்தானே நடக்கின்றன?

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று பிள்ளைகள் கேட்டால், நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டனைப் பற்றிச் சொல்லுங்கள். பலமுறை அறுவைச் சிகிச்சை கண்ட கணுக்காலோடு 1993 மே மாதம் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடினார். பின்னாலிருந்து வந்த ஒரு டேக்கிளுக்குப் பிறகு வெளியே போனார். அதுவே அவருடைய கடைசிப் போட்டியாட்டம். அப்போது வயது 28. 1998 உலகக் கோப்பைக்கு முன், பின்னாலிருந்து வரும் ஆபத்தான டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று விதி இறுக்கப்பட்டது. ஒரு கணுக்காலின் விலை என்ன என்பதிலிருந்து எழுந்த விதி இது.

கண்டது என்ன?

2010 ஜூலை 11, ஜோகனஸ்பர்க். ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதியாட்டம். 28ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங் உயரத் தூக்கிய கால், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் பதிந்தது. இங்கிலாந்து நடுவர் ஹோவர்டு வெப் காட்டியது மஞ்சள் அட்டை. தொலைக்காட்சியில் பார்த்த கோடிக்கணக்கானவர்கள் 'இதற்குச் சிவப்பு இல்லையென்றால் எதற்குச் சிவப்பு?' என்று கேட்டார்கள். தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது என்றும், படத்தைப் பார்த்த பிறகு அது சிவப்பு அட்டைக்குரியது என்று தெரிந்தது என்றும் வெப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

வகுப்பில் இந்தக் காட்சியைக் காட்டினால் பிள்ளைகள் உடனே நடுவரைத் திட்டுவார்கள். அப்போது நான் கேட்பது ஒரே கேள்வி: "நடுவர் நின்ற இடத்தில் நீ நின்றிருந்தால் உனக்கு என்ன தெரிந்திருக்கும்?" நமக்குத் தெரிந்தது கேமரா தந்த காட்சி. அவருக்குக் கிடைத்தது ஒரு கோணம், ஒரு நொடி. வெப் தப்பான விதியைப் பயன்படுத்தவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போனது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் பிள்ளை, நாளை ஒரு வழக்கைப் பற்றியோ செய்தியைப் பற்றியோ பேசும்போதும் நிதானமாகப் பேசும்.

சரி, வீடியோ வந்துவிட்டால் வாதம் முடிந்துவிடுமா? 2018 உலகக் கோப்பை முதல் வீடியோ நடுவர் முறை இருக்கிறது. வாதம் ஓயவில்லை. மெதுவாக ஓட்டிக் காட்டும் படத்தில், ஒருவர் செய்தது வேண்டுமென்றே செய்ததாக மேலும் வலுவாகத் தோன்றுகிறது என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நேரம் நீள்வதால், யோசித்துச் செய்யப் போதிய நேரம் அவருக்கு இருந்ததுபோல நமக்குப் படுகிறது. ஆகவே ஒரு டேக்கிளை வகுப்பில் காட்டினால் இயல்பான வேகத்திலும் ஒருமுறை காட்டுங்கள்.

சட்டையின் நிறம்

1951-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் ஆகிய இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கிடையே ஓர் ஆட்டம் நடந்தது. அது அமெரிக்கக் கால்பந்து. நம்முடைய ஆட்டம் அல்ல. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. முரட்டு ஆட்டம் யாருடையது என்று இரு வளாகங்களும் சண்டையிட்டன. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணிக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்ததாக டார்ட்மவுத் மாணவர்கள் குறித்தது சராசரியாக 4.3. அதே அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது 9.8. படம் ஒன்று, அணி ஒன்று, கணக்கு இரண்டு மடங்குக்கு மேல். 1954-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தன் அணியின் சட்டை கண்ணில் படும்போதே பார்வை சாய்ந்துவிடுகிறது. சென்னையின் ரசிகனும் கேரளா ரசிகனும் ஒரே டேக்கிளைப் பார்த்து வேறு வேறு சொல்வது இதனால்தான்.

எங்கள் பள்ளியில் நடந்தது

ஒரு குறுவட்டப் போட்டியின் அரையிறுதி. எங்கள் பள்ளித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து சறுக்கி வந்து டேக்கிள் செய்தான். பந்து வெளியே போனது. எதிரணிப் பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். மீதி நேரம் பத்துப் பேரோடு ஆடித் தோற்றோம்.

அன்று இரவே கைப்பேசி ஸ்டேட்டஸ்களில் நடுவரையும் அந்தப் பள்ளியையும் பற்றிக் கடுமையான சொற்கள் வரத் தொடங்கின. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் காலையில் ஒரே பேருந்தில் வருகிறவர்கள். பேருந்தில் மாணவர் மோதல் என்றால் அது எங்கே போய் முடியும் என்பது சென்னைப் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் முதல் வேளையாக அணியையும் அவர்களோடு கொதித்துக்கொண்டிருந்த வகுப்புத் தோழர்களையும் உட்கார வைத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து மூன்று கேள்விகளை எழுதச் சொன்னேன்.

ஒன்று: நீ உன் கண்ணால் கண்டது என்ன? கேட்டதை எழுதாதே. எங்கே நின்று பார்த்தாய் என்பதையும் எழுது.

இரண்டு: விதியில் எந்தச் சொல் இதற்குப் பொருந்தும்? கவனமின்மையா, ஆபத்தைப் பொருட்படுத்தாமையா, மிகை விசையா? ஏன்?

மூன்று: அவர்கள் பள்ளிப் பையன் நம் பையனுக்கு இதையே செய்திருந்தால் என்ன அட்டை கேட்டிருப்பாய்?

முதல் கேள்வியிலேயே பாதிச் சத்தம் அடங்கியது. எதிர்ப்பக்கக் கோட்டருகே இருந்தவர்களுக்கு மோதல் நடந்த கால் தெரியவே இல்லை. அங்கே வராதவர்களும் சிலர் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியில் உண்மையான வாதம் பிறந்தது. "ரெண்டு காலும் தரையை விட்டு எழும்பிடுச்சு சார். அதுக்கப்புறம் அவனே நினைச்சாலும் நிறுத்த முடியாது" என்றான் எங்கள் கோல்கீப்பர். டேக்கிள் செய்தவன் விடவில்லை: "கால் தரையோடதான் சார் வந்துச்சு. வேகம் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஷூ அடிப்பக்கம் அவனைப் பாத்து இல்ல. மஞ்சள்தான் சார்." இரண்டுமே விதியை ஒட்டிய வாதங்கள். நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பிலும் இவற்றைத்தான் பேசுவார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வெகுநேரம் யாரும் எழுதவில்லை. பிறகு பலர் ஒற்றைச் சொல்லை எழுதினார்கள்: சிவப்பு.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. டேக்கிள் செய்தவன் இன்றுவரை மஞ்சள் என்றே சொல்கிறான். அது அவன் உரிமை. ஸ்டேட்டஸ்களை மட்டும் தாங்களாகவே அழித்தார்கள். பேருந்தில் எதுவும் நடக்கவில்லை. அன்று மாலை அவன் என்னிடம் வந்து, "அந்தப் பையனுக்குக் கால் எப்படி இருக்குன்னு கேக்கணும் சார், நம்பர் கிடைக்குமா?" என்றான். அதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை அழைத்துப் பேச வைத்தேன். வீக்கம்தான், எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபோது எங்கள் பிள்ளைகளும் நிம்மதி அடைந்தார்கள்.

ஏற்காவிட்டால்?

தீர்ப்பு தவறு என்று நம்பினால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி, எதிரணி தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் கோல் என்றார். கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துப் போய்விட்டார். ஆட்டம் பெங்களூருவுக்கு வழங்கப்பட்டது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேரளா அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

அந்தக் கோல் சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. எங்கள் வகுப்பிலேயே உண்டு. ஆனால் வெளியேறிய பிறகு மீதமிருந்த நேரத்தில் சமன் செய்யும் வாய்ப்பும் போயிற்று. முறையீடு செய்ய இடம் உண்டு, அதைச் செய். ஆட்டத்தை விட்டுப் போகாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. திட்டுவதை விட்டு விசிலைக் கையில் எடுக்கும் வழியும் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஆட்டக்காரராக இருந்து நடுவராகி, பிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ்நாட்டுப் பெண். வகுப்புகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில் மாணவ மாணவியரையே நடுவராக்கிப் பாருங்கள். ஒருமுறை விசில் ஊதிய பிள்ளை அதன் பிறகு நடுவரைத் திட்டுவதில் கொஞ்சம் தயங்கும்.

நம் சட்டைப் பையில் இருக்கும் அட்டைகள்

கடைசியாக நம்மைப் பற்றி. நாமும் நாள் முழுவதும் அட்டை காட்டுகிறவர்கள்தாம். நோட்டுப் புத்தகத்தை மறந்து வருவது கவனமின்மை. மாடிப்படியில் தள்ளிக்கொண்டு ஓடுவது ஆபத்தைப் பொருட்படுத்தாமை. காம்பஸை எடுத்து இன்னொருவன் மேல் வீசுவது மிகை விசை. மூன்றுக்கும் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதுதான் தண்டனை என்றால் விதியின் படிகளை நாம் பார்க்கவில்லை என்று பொருள். முதல் மதிப்பெண் வாங்குகிறவன் தள்ளிவிட்டால் 'தெரியாமல் பட்டிருக்கும்', பின்வரிசைப் பையன் தள்ளிவிட்டால் 'வேண்டுமென்றே' என்று நமக்குத் தோன்றினால், அதுவும் சட்டையின் நிறம்தான்.

நம் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடுக்கிறது. கால்பந்தில் சிவப்பு அட்டை பெற்றவரும் தடைக்காலம் முடிந்ததும் திரும்பவும் களத்துக்கு வந்துவிடுகிறார்.

அடுத்த முறை உங்கள் வகுப்பில் ரெட் கார்டு வாதம் எழுந்தால் பாடத்தைப் பத்து நிமிடம் தள்ளிவையுங்கள். கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: கண்டது என்ன, விதி என்ன, சட்டையை மாற்றினாலும் இதே தீர்ப்பா? தமிழாசிரியர் இதைக் கட்டுரையாக எழுதச் சொல்லலாம். அறிவியல் ஆசிரியர் விசையையும் வேகத்தையும் பற்றிப் பேசலாம். சமூக அறிவியல் ஆசிரியர் நீதிமன்றத்தில் சான்று எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று விளக்கலாம். எங்களைப் போன்றவர்கள் விதிப்புத்தகத்தோடு வந்து உதவுகிறோம், கூப்பிடுங்கள்.